தொடாத வால்வு

கால் வெந்த பதினோராம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கொண்டுவந்த ஆள் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ஆபரேட்டர் எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

கடிதத்தைப் பிரித்தது ஆபரேட்டரின் அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று தம்பி வீட்டோடு தங்கி, ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, இருபது வருஷமாகத் தெருவுக்கே துணி தைப்பவள். நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிச் சத்தமாகப் படித்தாள்.

"வெந்நீர்த் தொட்டிப் பிரிவு ஆபரேட்டராகிய தாங்கள், பேனலில் உள்ள பொத்தானை அழுத்தி வடிகால் வால்வைத் திறந்துவிட்டு, அதை மறந்து கால்வாயில் இறங்கியதாகத் தெரிகிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்." கடிதத்தை மடித்தாள். "தெரிகிறதாம். யாருக்குத் தெரிஞ்சுச்சாம்?"

கட்டிலில், தலையணை மேல் இடது காலைத் தூக்கி வைத்திருந்த ஆபரேட்டர் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "நான் தொடல."

பதினோரு நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். டாக்டரிடம் சொன்னான், கம்பெனி ஆட்களிடம் சொன்னான், பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொன்னான். யாரும் மறுத்துப் பேசவில்லை. சரி சரி என்று தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் அவனைத் தின்றது.

வேலைக்குக் கிளம்பி டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்த அவன் மனைவி நிமிரவில்லை. மூடிய டப்பாவை மறுபடி திறந்து மறுபடி மூடினாள். தெருவில் அவளுக்கு ஒயர்க்கா என்று பேர். இரண்டு தெரு தள்ளி, மிஷின்களுக்குக் கன்ட்ரோல் பேனல் கட்டித் தரும் பட்டறையில் பதினான்கு வருஷமாக ஒயரிங் பார்க்கிறாள். சலவை ஆலையின் வெந்நீர்த் தொட்டி பேனலும் எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் கட்டியதுதான்.

அதுதான் வினையாகிப் போனது. முதல் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "வால்வு தானா திறந்துச்சு" என்றபோது, யோசிக்காமல் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை: "பேனல்ல தப்பு இருக்காதுங்க. அது நான் கட்டினது."

அன்றிலிருந்து அவன் அவளிடம் தண்ணீர், மாத்திரை, கழிவறை இந்த மூன்றுக்கு மட்டும்தான் பேசுகிறான்.

"பேசாம ஆமான்னு எழுதிக் குடுத்துடு தம்பி," என்றாள் அக்கா. "மறந்து தொட்டுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு. மனுஷன்தானே மறப்பான். நாலு வார்த்தை திட்டிட்டு விட்டுடுவாங்க."

"தொடாததை எப்படித் தொட்டேன்னு எழுதுறது?"

"பேனாவாலதான்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஒயர்க்கா செருப்பை மாட்டினாள். "சோறு குழைய வடிச்சு வச்சிருக்கேன் அண்ணி. முட்டை அவிச்சிருக்கு. பன்னெண்டு மணிக்கு மாத்திரை." சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கினாள்.

*

மூன்று நாளாகக் காற்று சரியில்லை. மழை வருவதுபோல் கருக்கும், வராது. வெக்கையைக் கிளப்பிவிட்டு எங்கோ போய்விடும். பட்டறைக் கூரையின் ஒரு தகரம் ஆணி கழன்று, நினைத்து நினைத்து அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் எப்போது வரும் என்று தெரியாததால் எல்லோருக்கும் எரிச்சலாக இருந்தது.

ஒயர்க்காவின் மேசை ஜன்னல் பக்கம். அவள் வேலை பார்ப்பதைப் பார்த்தால் பூக் கட்டுவதுபோல் இருக்கும். ஒயரை அளந்து வெட்டுவாள். நம்பர் வளையத்தைக் கோப்பாள். நுனித் தோலை உரித்து, செம்பு நூல்களை ஒரு முறுக்கு முறுக்கி, மேலே சின்ன உலோகக் குழாயைச் செருகி, பிளையரால் நசுக்கிக் கிரிம்ப் பண்ணுவாள். டெர்மினலில் நுழைத்துத் திருகியதும், கட்டாயம் ஒரு இழுப்பு. வரக் கூடாது. வராது. அவள் போட்ட ஒயர் வந்ததாக யாரும் சொன்னதில்லை.

போன வருஷம் அவள் மகள், "என்னம்மா பண்ற நீ, எல்லா ஒயரும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று கேட்டாள். ஒயர்க்கா சொன்னாள்: "இல்லடி. இந்தப் பக்கம் இருக்கிறது டிஜிட்டல் அவுட்புட். பேனல் வெளிய சொல்ற கட்டளை. ஓடு, நில்லு, திற, மூடு, அவ்வளவுதான். நடுவுல பேச்சே கிடையாது. அந்தப் பக்கம் அனலாக் இன்புட். வெளியில இருந்து சேதி வரும். தண்ணி எவ்வளவு இருக்கு, சூடு எவ்வளவுன்னு. அதுல கூடும், குறையும், இழுக்கும்."

மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பா டிஜிட்டல். அத்தை அனலாக்," என்றாள். மெஷினில் உட்கார்ந்திருந்த அத்தையே சிரித்துவிட்டாள்.

இன்று ஒயர்க்காவின் முன்னால் இருந்ததும் தொட்டி பேனல்தான், வேறொரு கம்பெனிக்கு. பக்கத்தில் டிராயிங் விரித்திருந்தது. கட்டளைகளின் ஒயர்கள் எல்லாம் வேலை முடித்துத் திரும்பி வந்து சேர நீல டெர்மினல் ஒரு வரிசை. அளவு ஒயர்கள் திரும்பி வர இன்னொரு வரிசை. இரண்டு வரிசையும் தனித்தனி ஒயரில் பவர் சப்ளைக்குப் போக வேண்டும். டிராயிங்கில் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது வரிசைக்கு நீல ஒயரை வெட்டக் கத்தரியைத் திறந்தவள், வெட்டாமல் அப்படியே நின்றாள்.

எட்டு மாதத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமை மதியம் கண் முன்னால் வந்தது. ஒரே மாதிரி நாலு பேனல். லாரி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நீல ஒயர்ச் சுருள் தீர்ந்துபோயிருந்தது. ஸ்டோர்க்காரர் சாப்பிடப் போயிருந்தார். மிச்சம் கிடந்த துண்டுகள் விரல் நீளம்தான். அவள் அந்தத் துண்டை இரண்டு வரிசைக்கும் நடுவில் பாலமாகப் போட்டாள். கட்டளைக்கும் அளவுக்கும் திரும்பும் வழி ஒன்றாகிவிட்டது. டெஸ்டிங்கில் வால்வுக்குப் பதில் குண்டூசித் தலை அளவு விளக்குகளைத்தான் எரியவிட்டுப் பார்ப்பார்கள். அத்தனை விளக்கும் அழகாக எரிந்தன. தொட்டி அளவு ஒரு புள்ளி நகரவில்லை. அங்கே போனதும் மாற்றச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். லாரி போனதும் மறந்தும்விட்டாள்.

நாலு பேனலிலும் அதே பாலம்.

கூரைத் தகரம் அடித்தது. அவள் கத்தரியை மேசையில் வைத்துவிட்டு, முதலாளியின் அறைக்குப் போனாள்.

முதலாளி பேனல் கதவுக்குள் தலையை விட்டு விட்டுக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே போனவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"சந்தேகம்தானேம்மா? பாத்தியா?"

"பாக்கத்தான் பர்மிஷன் கேக்குறேன்."

"நீ அங்க போய் பேனலத் திறந்தா, தப்பு நம்மளுதுன்னு நாமளே சொன்ன மாதிரி. பாலம் போட்டா மட்டும் அளவு தப்பாக் காட்டிடுமா? எத்தனை பேர் போடுறாங்க."

"திருகு இறுக்கமா இருந்தா காட்டாது. பம்ப் அதிர்வுல தளர்ந்திருந்தா? ஆறேழு வால்வு ஒரே நேரத்துல திறந்தா, அத்தனை கரண்டும் அந்த ஒத்தைத் துண்டு வழியா திரும்பணும். அளவைப் படிக்கிற இன்புட் மாட்யூல் ஏமாந்துடும். தண்ணி ஏறிடுச்சுன்னு நெனச்சுக்கும். ஏறினா வடிகால் வால்வைத் திறக்கச் சொல்லும்."

முதலாளி சாய்ந்த கழுத்தைத் தேய்த்தார். "உன் வீட்டுக்காரருக்கு அடிபட்ட துக்கத்துல பேசுற. வீட்டுக்குப் போ. திங்கட்கிழமை பேசலாம்."

"திங்கட்கிழமைதான் அவருக்கு விசாரணை."

"அதான் சொல்றேன், வீட்டுக்குப் போ."

*

வீட்டுக்கு வந்தபோது மதியம் இரண்டு மணி. நாத்தனார் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில். ஆபரேட்டர் விழித்தபடி படுத்திருந்தான். ஒயர்க்கா கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். உட்கார முடியாமல் எழுந்தாள். ஜன்னலைச் சாத்தினாள், வெக்கை தாங்காமல் திறந்தாள்.

"என்ன, வேலை இல்லையா?" பதினோரு நாளில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி.

அவள் சொன்னாள். லாரி, தீர்ந்த சுருள், விரல் நீளத் துண்டு, டெஸ்டிங் விளக்கு எல்லாம் சொன்னாள். தையல் மெஷின் சத்தம் நடுவிலேயே நின்றுபோனது.

அவன் தன் காலைப் பார்த்தான். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன.

"அப்ப நான் தொடலன்னு இப்ப நம்புறியா?"

"நம்புறேன்."

"ஒயரு சொன்னப்புறம்."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு அறை அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"சரி விடு," என்றான். "யார்கிட்டயும் சொல்லிக்காத. அக்கா சொன்ன மாதிரியே எழுதிக் குடுத்துடுறேன். எனக்கு வேற எங்கயாவது வாட்ச்மேன் வேலையாவது கெடைக்கும். உனக்கு இது ஒண்ணுதான் தெரியும். உன் பேரு கெட்டா எந்தப் பட்டறையும் சேக்காது."

"நீங்க செய்யாததை நீங்க ஒத்துக்கணுமா?"

"நீ தெரிஞ்சா செஞ்ச?"

"தெரிஞ்சுதான் செஞ்சேன். இப்படி ஆகும்னு தெரியல, அவ்வளவுதான்."

நாத்தனார் ரவிக்கையை மடியில் போட்டாள். "அவன் சொல்றதுல என்ன தப்பு? வீட்டுல ஒருத்தராவது நின்னாதானே இன்னொருத்தர் எழுந்திரிக்க முடியும்? ரெண்டு பேரும் சேர்ந்து குழியில குதிச்சா யாரு கை குடுக்குறது? நானா?"

"அண்ணி, இன்னும் மூணு பேனல் ஓடிக்கிட்டிருக்கு."

"எங்க?"

"வேற வேற ஊர்ல. அங்கயும் தொட்டி, அங்கயும் வால்வு. யாரோ கீழ நின்னு கழுவிக்கிட்டிருப்பாங்க."

நாத்தனார் தம்பியின் காலைப் பார்த்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுப் பிரிக்கும்போது பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான். தம்பி கத்துவதைப் பார்க்காமல் இருக்க, அந்த நேரம் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோப்பதுபோல் பாவனை செய்தாள்.

"நல்ல வீட்டுக்குத்தான் வந்து வாழுறேன் நான்," என்றாள். "திங்கட்கிழமை அவனைத் தனியா அனுப்பாத. ஆட்டோவுல நீயும் ஏறிக்க. நான் வாசல் வரைக்கும் பிடிச்சுக்கிறேன்."

ஆபரேட்டர் கட்டிலில் சாய்த்திருந்த கைத்தடியைக் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துக்கொண்டான்.

*

சலவை ஆலையில் எல்லாமே ஈரமாக இருக்கும். சுவர் ஈரம், படிக்கட்டு ஈரம், மேனேஜர் அறையின் காலண்டர்கூட ஓரம் சுருண்டிருந்தது. மேனேஜர் ஆபரேட்டரை உட்காரச் சொன்னார். ஒயர்க்காவைப் பார்த்து, "நீங்க வெளிய இருங்கம்மா," என்றார்.

"நான் வீட்டுக்காரியா வரல சார். அந்தப் பேனலைக் கட்டினது நான். தொறந்து காட்டணும்."

மேனேஜர் ஆலை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். சட்டைப் பையில் டெஸ்டர் குத்திய, அதிகம் பேசாத மனிதர். நாலு பேரும் தொட்டியடிக்குப் போனார்கள். ஆபரேட்டர் கைத்தடியை ஊன்றி ஊன்றி வந்தான். கால்வாய் அருகே வந்ததும் நின்றுவிட்டான். நூல் பிசிறு மறுபடி அடைத்துக் கிடந்தது. அன்றைக்கு அவன் அள்ளியபோது இருந்ததைவிட அதிகம்.

ஒயர்க்கா கால்வாயில் யாரும் இல்லையென்று இரண்டு தடவை பார்த்தாள். "அளவு எவ்வளவு காட்டுது?"

"அறுபத்திரண்டு," என்றார் எலெக்ட்ரீஷியன்.

"தொண்ணூறுக்கு மேல போனாத்தானே வடிகால் திறக்கணும்? எல்லா லைன் வால்வையும் ஒரே நேரத்துல திறங்க. பம்பையும் போடுங்க."

பம்ப் உறுமியது. வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கின. அறுபத்திரண்டு அறுபத்தொன்பது ஆனது, எண்பது ஆனது, நடுங்கியது, தொண்ணூற்று மூன்றுக்குத் தாவியது. தொட்டியின் பக்கக் கண்ணாடியில் தண்ணீர் பாதிக்குக் கொஞ்சம் மேலே அசையாமல் நின்றது. அடியில் வடிகால் வால்வு 'டொக்' என்று திறந்து, கால்வாயில் வெந்நீர் சீறி ஆவி கிளம்பியது.

ஆபரேட்டர் கைத்தடியோடு பின்னால் சாய்ந்தான். எலெக்ட்ரீஷியன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். யாரும் பொத்தானைத் தொடவில்லை.

மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒயர்க்கா பேனலைத் திறந்தாள். அந்த நீலத் துண்டு அவள் விட்ட இடத்திலேயே இருந்தது. தோல் ஒரு முனையில் பழுப்பேறியிருந்தது. திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்தாள். தளர்ந்த திருகு லொடலொடவென்று ஆடியது. ஒரு இழுப்பு இழுத்தாள். ஒயர் கையோடு வந்துவிட்டது.

"இது டிராயிங்ல இல்ல சார். நான் போட்டது."

மேனேஜர் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. பழி போட வெளியாள் ஒருத்தர் கிடைத்துவிட்டார். "எழுதித் தருவீங்களா?"

"தர்றேன். ஆனா அளவு வரிசைக்குத் தனி ஒயர் இழுத்துட்டுத்தான் போவேன்."

"அப்ப கடிதத்தை வாபஸ் வாங்கிக்கலாம்," என்றார் மேனேஜர். "இருந்தாலும், இறங்குறதுக்கு முன்னாடி கை வால்வை அடைச்சிருக்கணும் இல்லையா?"

"அதுக்குக் கைப்பிடியே இல்ல," என்றார் எலெக்ட்ரீஷியன். அன்றைக்கு அவர் பேசிய நீளமான பேச்சு அதன்பின் வந்தது. "உடைஞ்சு நாலு மாசமாச்சு. நான் மூணு தடவை எழுதிக் குடுத்தேன். ரிஜிஸ்டர்ல இருக்கு. வேணும்னா கொண்டுவந்து காட்டுறேன்."

மேனேஜர் காட்டச் சொல்லவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது தூறல் விழுந்தது. ஆபரேட்டர் வெந்த காலை அவள் மடிமேல் நீட்டிக்கொண்டான். வேறு இடம் இல்லை. பாதி வழியில் சொன்னான்: "அந்த ஒயர் கையோட வந்துச்சே. உன் மூஞ்சியப் பார்த்தேன்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. என் கால் வெந்தப்பகூட உன் மூஞ்சி அப்படி இல்ல."

அது குத்தலா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை. மடியிலிருந்த காலை நழுவாமல் பிடித்துக்கொண்டாள்.

*

முதலாளி கத்தினார். பதினான்கு வருஷத்தில் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. கத்தி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, மற்ற மூன்று கம்பெனிக்கும் தானே போன் போட்டார். "போய்ச் சரி பண்ணிட்டு வா. அதுக்கப்புறம் ஒயரிங் மேசைக்கு வராத, டெஸ்டிங்ல உட்காரு. இனிமே விளக்குப் போட்டு டெஸ்ட் பண்ற வேலையே வேண்டாம். நிஜ வால்வை வச்சுப் பாரு." அவள் சரி என்றாள். மேசையிலிருந்த தன் கிரிம்பிங் பிளையரை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

முதல் இரண்டு இடத்திலும் திருகு இறுக்கமாகவே இருந்தது. ஒன்றும் நடந்திருக்கவில்லை. அரை மணி நேர வேலை. கடைசி இடம் பஸ்ஸில் மூன்று மணி நேரம். பாட்டில் கழுவும் ஆலை. அங்கே பேனலுக்குப் பொறுப்பு ஒரு நடுவயதுப் பெண். கழுத்தில் துண்டு போட்டிருந்தாள்.

"இந்த வால்வா? இதுக்குப் பைத்தியம்னு பேரு வச்சிருக்கோம்," என்றாள் அவள். "எப்பத் திறக்கும்னு அதுக்கே தெரியாது. இது பக்கத்துல நாங்க யாரும் நிக்கிறதே இல்ல."

ஒயர்க்காவின் கை டெர்மினலிலேயே நின்றது. "மேல சொல்லலையா?"

"சொன்னோமே. எனக்கு முன்னாடி இங்க இருந்தவர் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போயிட்டார். ஒரு நாள் இது திறந்து மருந்துத் தண்ணி பூரா வீணாப் போச்சு. அன்னைக்கு ஓடின பாட்டில் எல்லாம் கெட்டுடுச்சு. நீதான் திறந்தேன்னுட்டாங்க. ஆமான்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார் பாவம். மூணு மாசம் இருக்கும்."

ஒயர்க்கா நீலத் துண்டைக் கழற்றினாள். புது ஒயரை இழுத்து, கிரிம்ப் பண்ணி, திருகி, இழுத்துப் பார்த்தாள். எல்லா வால்வையும் திறக்கச் சொன்னாள். அளவு அசையவில்லை. கழுத்தில் துண்டு போட்ட பெண் வாயில் கைவைத்துச் சிரித்தாள். "அடப்பாவி, இவ்வளவுதானா?"

"அவர் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டாள் ஒயர்க்கா.

ஆலையின் பின்பக்க கேட்டிலிருந்து மூன்றாவது தெரு. மாடி வீட்டின் கீழ்ப்போர்ஷன். கதவைத் திறந்த பெண்மணி உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தோளில் ஒரு போர்வை தொங்கியது. ஒயர்க்கா தான் யார், எதற்கு வந்தாள் என்பதை வாசலில் நின்றே சொன்னாள். "உங்க வீட்டுக்காரர் அந்த வால்வைத் தொடலைம்மா. தப்பு பேனல்ல. நான் கட்டினது. ஆலையில எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

அந்தப் பெண்மணி போர்வையைத் தோளிலிருந்து எடுத்தாள். மடிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.

"நான்தான் கையெழுத்துப் போடச் சொன்னேன்," என்றாள். "தெனமும் சொன்னார், தொடல தொடலன்னு. வாயை மூடிட்டுப் போட்டுட்டு வாங்கன்னு நான்தான் விரட்டினேன்." தெருவைப் பார்த்தாள். "மொட்டை மாடியில இருக்கார். நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?"

ஒயர்க்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். மழை பெய்து ஓய்ந்து, மாடித் தரை முழுக்கத் தண்ணீர் தேங்கியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், தென்னந்துடைப்பத்தால் அதைக் குழாய் வாய்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் வந்ததைப் பார்த்து நிமிர்ந்தார்.

"அண்ணா, நான் பேனல் கட்டுற பட்டறையில இருந்து வரேன்."

"வால்வா?" என்றார் அவர் உடனே.

"ஆமாண்ணா. நீங்க தொடல. அதை நான் தப்பா கட்டிட்டேன்."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். சரிந்து விழுந்ததை எடுத்து மறுபடி சாய்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி, படிக்கட்டு வாய்க்குப் போய்க் குனிந்து கூப்பிட்டார்.

"ஏய், கொஞ்சம் மேல வா. இவங்க சொல்றத நீ கேளு."

"கேட்டுச்சு," என்று படியிலிருந்தே குரல் வந்தது.